லொறிக்கு மாமி கொடுத்த தண்ணீர்

உவர்த்தண்ணீர் ஊற்றினால் லொறியின் ரேடியேற்றர் அரித்துப்போகும் என்பது மாமிக்குத் தெரிந்திருந்ததா, இல்லையா? மாமி செத்துப்போய்விட்டார், இனி யாரிடமும் கேட்க ஏலாது. எங்கள் வளவில் இரண்டு கிணறுகள். முன்னால் இருப்பது நல்ல தண்ணீர், குடிக்கவும் தோட்டத்துக்கும். பின்னால் இருப்பது உவர், சட்டிபானை கழுவவும் கால் அலம்பவும். அன்று வெங்காயம் வாங்க வரும் முதலாளியின் லொறி எங்கள் வாசல் படலைக்கு நேரே ஆவி கக்கிக்கொண்டு நின்றது. அவர் உள்ளே வந்து தண்ணீர் கேட்டார். மாமி வாளியை எடுத்தார், முன் கிணற்றைத் தாண்டி நடந்தார், பின் கிணற்றில் அள்ளிக்கொண்டு வந்தார். "நல்லாக் குடிக்கட்டும், முதலாளி" என்று சொல்லிச் சிரித்தார். லொறிக்கு எதற்கு நல்ல தண்ணீர் என்று எங்கள் தீவில் யாரும் நினைப்பார்கள்தான். ஆனால் அந்தச் சிரிப்பு இப்போதும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

மாமி என் கணவரின் தாயார். ஐம்பதைத் தாண்டியும் தலையில் நரை இல்லாதவர், வாயில் அடக்கம் இல்லாதவர். என் கணவருக்குக் கடற்றொழில். கடலுக்குப் போகத் தடை வரும் மாதங்களில் மாமியின் வெங்காயம்தான் எங்களுக்குச் சோறு போட்டது. அந்த வெங்காயத்தை வாங்க வருகிறவரைத்தான் ஊரே முதலாளி என்று அழைத்தது. அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஒவ்வொரு படலையிலும் லொறியை நிறுத்துவார், எஞ்சினை மட்டும் நிறுத்தமாட்டார். அந்த இரைச்சலுக்கு மேலால் ஒரு விலையைக் கத்துவார். யோசிக்க நேரம் எடுத்தால் சாரதி லொறியை ஒரு முழம் முன்னுக்கு எடுப்பான். வெங்காயத்தோடு நிற்கிற மனிதருக்கு அது போதும். தலையை ஆட்டிவிடுவார்கள்.

சண்டை நின்றிருந்த சமாதான காலத்தில் ஓர் உதவி நிறுவனம் சங்கக்கடைக் கட்டடத்தில் ஒரு கணினி நிலையம் திறந்தது. உயர்தரம் படித்து, கணினியும் பழகியிருந்ததால் எனக்கு அங்கே வேலை கிடைத்தது. தினமும் காலையில் யாழ்ப்பாணச் சந்தைக்குத் தொலைபேசி எடுத்து அன்றைய விலையைக் கேட்பேன். அதைக் கணினியில் ஏற்றி, கைத்தொலைபேசி வைத்திருப்பவர்களுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்புவேன். மாமி முதலில் நம்பவில்லை. "அந்தப் பெட்டிக்கு வெங்காயத்தின்ர மணம் தெரியுமோ பிள்ளை?" என்று கேட்டார். பிறகு அவரே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் செய்தியை வேலிக்கு மேலால் அயலுக்கு வாசித்துக் காட்டத் தொடங்கினார். விலையோடு தன் விளக்கத்தையும் சேர்ப்பார்: "கேட்டியளே? உங்களிட்ட போனமுறை இதில அரைவாசிக்குத்தான் வாங்கினவர். மிச்சத்துக்கு நீங்கள் அவருக்கு வருசப்பிறப்புக் கைவிசேஷம் குடுத்திருக்கிறியள்."

அடுத்த முறை லொறி வந்தபோது மாமி படலைக்கு வெளியே போய் நின்றார். முதலாளி விலையைக் கத்தினார். மாமி காதில் கையை வைத்துக் கேட்காததுபோல் நின்றார்.

"முதல்ல எஞ்சினை நிப்பாட்டும், முதலாளி. அந்த டீசலையும் என்ர வெங்காயத்திலதானே கழிக்கப்போறீர்!"

ஒழுங்கையில் நின்ற சனம் முழுதும் சிரித்தது. எஞ்சின் நின்றது. அந்த அமைதியில் மாமி சந்தை விலையைச் சொன்னார், போக்குவரத்துக்கு ஒரு நியாயமான தொகையைத் தானே கழித்துக் காட்டினார். முதலாளி வாங்கினார். அன்று ஒழுங்கையில் எல்லோரும் அதே விலைக்கு விற்றார்கள். ஏறும்போது முதலாளி என்னைப் பார்த்து, "நீரோ அந்த விலை சொல்லுற பிள்ளை?" என்று கேட்டார். நான் பெருமையோடு ஓம் என்றேன்.

பிறகு சண்டை திரும்பவும் தொடங்கியது. தெற்குக்குப் போகும் பாதை மூடப்பட்டது, கைத்தொலைபேசிகள் ஊமையாகின, கணினி நிலையமும் பூட்டப்பட்டது. மண்டைதீவுச் சந்திச் சோதனைச்சாவடியைத் தாண்டிச் சாமான் ஏற்றிப்போகும் அனுமதி எங்கள் பக்கத்தில் முதலாளிக்கு மட்டும்தான் இருந்தது. அந்தப் போகத்தில் லொறி எஞ்சின் இரைய இரைய வந்தது. வலப்பக்க வீட்டில் நின்றது, இடப்பக்க வீட்டில் நின்றது. எங்கள் படலையில் நிற்கவில்லை. நான் கைக்குழந்தையோடு ஓடிப்போய் மறித்தேன். முதலாளி கண்ணாடியை இறக்கி, "விலை சொன்ன பிள்ளையே வாங்கட்டும்" என்றார். வாசலில் நின்று வெங்காயம் ஏற்றிக்கொண்டிருந்த அயலவர்கள் ஒருவரும் தலை நிமிரவில்லை. மாமி வாசித்துக் காட்டிய விலையில் ஒரு போகம் நிமிர்ந்தவர்கள்தான் அவர்கள்.

எங்கள் வெங்காயம் வீட்டு விறாந்தையில் பிடிபிடியாகக் கிடந்து முளைத்தது. மகளின் துணியிலும் தொட்டிலிலும் அழுகல் மணம். மாமி ஒவ்வொரு நாளும் நல்லதைப் பிரித்து எடுத்தார். எடுக்க ஒன்றும் மிஞ்சாத நாளில் விளக்குமாற்றை எடுத்தார். அடுத்த போகத்துக்கு நடவில்லை. நீர் இறைக்கும் இயந்திரம் விலைப்பட்டது. அதற்குப் பிறகு வேலிக்கு மேலால் மாமியின் குரல் கேட்கவேயில்லை. முதலாளியைப் பற்றி ஒரு கெட்ட சொல்லும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. லொறிக்குத் தண்ணீர் கொடுத்தது அந்தக் காலத்தில்தான். சில கிழமை கழித்து லொறி பண்ணைப் பாலத்தில் நின்றுபோய்விட்டதாகக் கதை வந்தது. மீன் வெட்டிக்கொண்டிருந்த மாமி "அப்பிடியோ" என்றார். கத்தி நிற்கவில்லை.

பிரசர் கூடி மாமி இறந்தபோது முதலாளியும் வந்தார். லொறியை ஒழுங்கை முகப்பில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு நடந்து வந்தார். செத்தவீட்டில் அழவேண்டிய மருமகள் நான். அவருடைய வெள்ளை வேட்டியைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். உயிரோடு இருந்தபோது மாமி கேட்டு வாங்கவேண்டியிருந்த மரியாதையை, செத்த பிறகு இவர் சும்மா கொடுக்கிறார்.

இப்போது சண்டை முடிந்துவிட்டது. பாதை திறந்திருக்கிறது, நிலையமும் திறந்திருக்கிறது, நான் மீண்டும் அதே கதிரையில் இருக்கிறேன். தெற்கிலிருந்தும் வியாபாரிகள் வருகிறார்கள். யார் என்ன விலைக்கு வாங்குகிறார் என்று பெயரோடு செய்தி அனுப்புகிறேன்; என் செய்தியில் பெயர் இல்லாதவருக்கு ஊரில் யாரும் மூட்டை கட்டி வைப்பதில்லை. போன கிழமை முதலாளி நிலையத்துக்கு வந்தார். மெலிந்திருந்தார்.

"பிள்ளை, பழசுகளை மனசில வைச்சிருக்கப்படாது. மற்றவையை விட நான் கூடத் தாறன். என்ர பேரையும் போட்டுவிடும்" என்றார்.

"பாப்பம்" என்றேன். போகும்போது மகளின் கையில் ஒரு டொபி கொடுத்தார். அவர் தலை மறைந்ததும் அவள் வாயிலிருந்து அதைத் தோண்டி எடுத்து எறிந்தேன். அவள் வீரிட்டு அழுதாள். பிறகு கடையில் நானே ஒன்று வாங்கிக் கொடுத்தேன். பிள்ளைக்கு எதைக் காட்டினேன் என்று இன்னும் யோசிக்கிறேன்.

கணவரிடம் சொன்னேன். "நீர் உம்மட வேலையைப் பாரும். ஊருக்கு நல்ல விலை வந்தாச் சரிதானே" என்றார்.

"செத்தது உங்கட அம்மா."

"என்ர அம்மா எண்டபடியாத்தான் சொல்லுறன்" என்றவர், வலையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

உண்மையைச் சொல்கிறேன். அவருடைய லொறி வெறுமையாக ஒழுங்கையால் திரும்பிப்போவதை நான் பார்க்கவேண்டும். படலை படலையாக நின்று, ஒருவரும் வெளியே வராமல், அவர் கண்ணாடியை இறக்கிப் பார்க்கவேண்டும். அப்படி நினைக்கும்போது உடம்புக்குள் ஒரு குளிர்ச்சி வருகிறது. நான் பொய் எழுதத் தேவையில்லை. ஒரு பெயரை விட்டால் போதும். கூடிய விலையை இழக்கப்போவதும் அன்று தலை நிமிராத அதே அயலவர்கள்தான். ஆனால் அவர்களுடைய பிள்ளைகளோடுதான் என் மகள் பள்ளிக்கூடம் போகப்போகிறாள். நான் சரியான விலையைச் சொல்வேன் என்று நம்பித்தான் ஊர் என் செய்தியைத் திறக்கிறது. ஒருநாள் நான் ஒரு விலையை மறைத்தால் எனக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டுப் பார்க்கிறேன். உடனே, நிறைய வித்தியாசம் இருக்கிறது என்று எனக்குள்ளே ஒருத்தி சத்தம் போடுகிறாள்.

வெங்காயம் கிண்டி எடுக்க இன்னும் சில கிழமை இருக்கிறது. இதை வாசிக்கும் தாய்மாரே, தோட்டக்காரரே, அவருடைய பெயரைச் சேர்க்கவா, விடவா? எனக்கு எழுதுங்கள். மன்னித்துவிடு என்று மட்டும் எழுதவேண்டாம். அதை நானே எனக்குப் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். வெங்காயத்தை வீட்டுக்குள் அழுகவிட்டு, பிறகு அதை அழுகவைத்த மனிதருக்காகவே ஊரில் விலை கூவியவர்கள் உங்களில் யாராவது இருந்தால், அதற்குப் பிறகு உங்களுக்கு நித்திரை வந்ததா என்பதை மட்டும் சொல்லுங்கள்.