சூட்டு மீற்றரின் ஊசி

எனக்கு வாகனம் ஓட்டத் தெரியாது. ஆனால் ஓர் எஞ்சின் எப்போது கொதிக்கும், எப்போது ஆறும், எப்போது சாகும் என்று என்னைக் கேளுங்கள், சொல்கிறேன். நாலு வருடம் என் கணவரின் வான் வண்டியில் முன்சீற்றில் இருந்து நான் பார்த்த வேலை அது ஒன்றுதான். சண்டைக் காலத்தில் திருகோணமலையில் ஆளுக்கொரு வேலை வந்து சேர்ந்தது. எனக்கு வாய்த்தது சூட்டு மீற்றரின் ஊசியைப் பார்ப்பது.

அவர் எங்கள் பகுதி நோயாளிகளை வானில் ஏற்றிக்கொண்டு கண்டி ஆசுபத்திரிக்குப் போய் வருவார். அவருடைய அடையாள அட்டையில் பிறந்த இடம் திரியாய் என்று இருந்தது. போராளிகளின் ஊர் என்று பேர் எடுத்திருந்த அந்தப் பெயரைக் கண்டால், றோட்டில் மறித்துச் சோதிக்கிற சென்றியில் அட்டை பார்க்கிறவரின் முகம் மாறிவிடும். பக்கத்தில் பெண்சாதி இருந்தால் அவ்வளவாக மாறாது. இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை, பட்டுத்தான் அறிந்தோம். அந்த நாட்களில் எத்தனையோ சாரதிகளின் பெண்சாதிமார் இப்படி முன்சீற்றில் குந்திக்கொண்டு திரிந்தார்கள். குசினியில் உலை வைக்க ஆளில்லை, றோட்டில் புருஷனுக்குக் காவல்! அதிலும் நான் வாய்காரி. "உம்மட வாய்க்குப் பயந்தாவது விட்டிடுவாங்கள்" என்று அவர் பகிடி விடுவார்.

பயமெல்லாம் கந்தளாயைத் தாண்டி வருகிற காட்டுத் துண்டில்தான். அதற்கு முன்னால் சென்றியில் வண்டிகளை வரிசையாக நிறுத்திச் சோதித்து, எல்லாவற்றையும் ஒன்றாக அனுப்புவார்கள். காட்டுக்குள் யாரும் நிற்கக் கூடாது. ஒன்றுக்கு இருக்கவும் கூடாது. பழுதாகி நின்றாலும் அது நின்றதுதான். ஏன் நின்றாய், யாருக்காக நின்றாய் என்று கேள்வி வரும். அப்படி நின்ற வண்டிகளில் இருந்த ஆம்பிளைகள் சிலர் பிறகு வீட்டுக்கு வரவேயில்லை. எங்களுடையதோ கிழட்டு வான். எஞ்சின் கொதித்தால் நிற்கும், நின்றால் அவரைக் கொண்டுபோய்விடுவார்கள். என் தாலி அந்தச் சூட்டைப் பொறுத்துத்தான் இருந்தது.

வானோடு வந்த மீற்றர் செத்துப்போய்விட, வேறொரு வாகனத்தில் கழற்றியதைக் கொண்டுவந்து பூட்டினார். அவர் பக்கத்தில் அதற்கு இடம் இல்லை. என் முழங்காலுக்கு நேரே, தட்டுக்குக் கீழே ஒரு கம்பியில் கட்டித் தொங்கவிட்டார். அவர் எட்டிப் பார்த்தால் றோட்டை விட்டுவிடுவார். ஆகவே ஊசி என் பொறுப்பு. பாதிக்கு மேலே ஏறினால் "ஏறுது" என்பேன். சிவப்புக் கோட்டைத் தொட்டால் கத்துவேன். எஞ்சின் நாங்கள் இருந்த சீற்றுக்குக் கீழேதான். மீற்றர் சொல்லுமுன்பே சில நாள் என் தொடை சொல்லிவிடும்.

அந்த மனுஷன் எஞ்சினை ஓட்டவில்லை, பிள்ளை வளர்ப்பது போல வளர்த்தார். முன்னால் போகும் லொறியின் வாலைப் பிடித்துக்கொண்டு ஓடமாட்டார். லொறியின் சூட்டுக் காற்று எங்கள் றேடியேற்றருக்கு ஆகாதாம், நல்ல காற்று வர இடைவெளி வேண்டுமாம். பின்னால் வருகிறவன் ஹோர்ன் அடிஅடியென்று அடிப்பான். ஏற்றத்தில் எஞ்சினைக் கத்த விடமாட்டார். ஊசி ஏறினால் உச்சி வெயிலில் ஹீற்றரை முழுதாகத் திறந்துவிடுவார். எஞ்சினின் சூட்டில் ஒரு பங்கு வானுக்குள்ளே வந்துவிட்டால் எஞ்சின் பிழைக்கும் என்பது அவருடைய கணக்கு. நாங்கள் பிழைப்போமா என்று யார் கேட்டது? நோயாளிகள் வேர்த்து விறுவிறுத்துப் போவார்கள். சென்றி வருவதற்கு ஒரு மைல் இருக்கும்போதே காலை எடுத்து மெல்ல மெல்ல ஓட்டி, எஞ்சினை ஆறவைத்துத்தான் கொண்டுபோய் நிறுத்துவார். ஓடிவந்த சூட்டோடு சட்டென்று நிறுத்தினால் உள்ளே தண்ணீர் ஓடாமல் நின்று கொதித்துவிடும். அங்கே நிற்கிறவர்களுக்கு இந்தக் கதை விளங்குமா? "எஞ்சின் ஓஃப்!" என்று துவக்கால் கதவில் தட்டுவார்கள். "ரெண்டு நிமிசம் சேர்" என்று கெஞ்சுவார். சிலர் விடுவார்கள், சிலர் விடமாட்டார்கள்.

ஒயிலும் அப்படித்தான். சூடு ஏறினால் நெய் உருகினது போலத் தண்ணீராகிவிடும். அப்போது அவர் பக்கத்தில் ஒரு சிவப்பு லைற் மினுங்கும். அதைக் கண்டால் பின்னால் இருக்கிற நோயாளிகள் "தம்பி, என்ன சிவப்பு எரியுது?" என்று தொடங்கிவிடுவார்கள். ஒரு தரம் சென்றியிலும் அது என்ன லைற் என்று கேட்டு அரை மணித்தியாலம் மறித்துவைத்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் நெற்றியில் இருந்த ஒட்டுப் பொட்டை எடுத்து அதன்மேல் ஒட்டிவிட்டேன். அளவெடுத்தது போல இருந்தது. அவர் சிரித்தார். அந்தப் பொட்டு அங்கேயே கிடந்தது.

நாலாம் வருடத்தில் ஒரு நாள், வானில் நோயாளிகள் ஆறு பேர். நிலாவெளி அன்ரி ஒருவர் கண் ஒப்பரேஷனுக்கு வந்தார், கரைவலைக்காரக் குடும்பம், நல்ல தாட்டியான ஆள். கப்பல்துறை சென்றியிலேயே சனியன் பிடித்தது. கானில் தண்ணீர் கொண்டுபோகக் கூடாது என்று அன்றைக்குப் புதுச் சட்டம். எங்கள் இரண்டு கான் தண்ணீரையும் நிலத்தில் ஊற்றச் சொன்னார்கள். ஒயில் போத்தலையும் எடுத்துக்கொண்டார்கள். "றேடியேற்றருக்கு வைச்ச தண்ணியப்பா, அதால என்ன செய்யப் போறம்?" என்று நான் எகிற, அவர் என் கையைப் பிடித்து அமர்த்தினார்.

காட்டுக்கு முந்திய சென்றியில் இரண்டு நிமிடம் தரவில்லை. வந்த சூட்டோடு நிறுத்த வேண்டியதாகிவிட்டது. வெயிலில் நிற்க நிற்க, சீற்றுக்குக் கீழே குமுறுகிற சத்தம் கேட்டது. பிறகு தண்ணீர் கொதித்து நிலத்தில் ஓடியது. றேடியேற்றர் மூடியைத் திறக்க ஏலாது, திறந்தால் முகம் வெந்துவிடும். தண்ணீர் எடுத்துவரப் போகவும் விடவில்லை. குடிக்கிற தண்ணீர் ஆரிடமாவது இருக்கிறதா என்று அவர் கேட்டார். நிலாவெளி அன்ரி தன் ஃபிளாஸ்கை நீட்டினார்.

"கொத்தமல்லித் தண்ணி தம்பி. தடிமன், தும்மலுக்குக் கொண்டுவந்தனான். ஊத்தினா எஞ்சினுக்குத் தடிமன் வராது."

எல்லோரும் சிரித்தோம். றேடியேற்றருக்குப் பக்கத்தில் இருக்கிற சின்னப் போத்தலில் அவர் அதை ஊற்றினார். எஞ்சின் ஆறினால்தான் அது உள்ளே இழுபடும் என்றார். ஆற யார் விட்டது? வரிசை வெளிக்கிட்டுவிட்டது. விலகி நின்றால் அவருடைய அட்டையோடு நாங்கள் அந்த இடத்தில் தனியே நிற்க வேண்டும். "மெல்லமாப் போவம்" என்று ஏறினார்.

காட்டுக்குள் இரண்டு மைல் போகுமுன்பே "ஏறுது" என்றேன். ஹீற்றரைத் திறந்தார். முன்லொறியை விட்டுப் பின்வாங்கினார். "பாதிக்கு மேல" என்றேன். பின்னால் அன்ரி, "தம்பி, இது வானோ போறணையோ? எங்களைப் பாணாச் சுட்டோ கண்டிக்குக் கொண்டுபோறீர்?" என்று முந்தானையால் விசுக்கினார். ஊசி சிவப்புக் கோட்டுக்குக் கிட்டப் போனது. நான் பிள்ளையாரைக் கூப்பிடவில்லை, ஊசியைத்தான் கும்பிட்டேன். இறங்கு, இறங்கு, உனக்குப் புண்ணியம் கிடைக்கும், இறங்கு!

இறங்கியது. என் கண்ணுக்கு முன்னாலேயே சறுக்கிக்கொண்டு இறங்கியது. பாதிக்கு வந்தது, பாதியையும் தாண்டிக் கீழே போனது. அதே நேரம் ஹீற்றரில் இருந்து குளிர்ந்த காற்று வரத் தொடங்கியது. "அப்பாடா! அம்மாளாச்சி கண் திறந்திட்டா" என்றார் அன்ரி.

"இஞ்சருங்கோ, இறங்கிட்டுது! நல்லா இறங்கிட்டுது! இனிப் பயமில்லை" என்று நான் கத்தினேன்.

அவர் ஹீற்றர்க் காற்றில் கையை வைத்துப் பார்த்தார்.

"ஓம், நல்லம்" என்றார். பிறகு, "நீர் பின்னுக்குப் போய் அன்ரியோட இரும்" என்றார்.

"இப்ப ஏன்? விசரா உங்களுக்கு?"

"இந்தச் சூட்டில எவ்வளவு நேரம் இருக்கிறது? சொன்னாக் கேளும். உம்மட அட்டையையும் கையில எடுத்துக்கொண்டு போம்."

ஓடுகிற வானில், சீலையோடு, சீற்றைத் தாண்டிப் பின்னால் போய் விழுந்தேன். முழங்கால் இடிபட்டு வீங்கியது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஊசியை ஆர் பார்க்கிறது, உங்கட அப்பாவோ என்று கேட்டேன். கட்டின நாளில் இருந்து உங்களோடு ஒரே கரைச்சல், இந்தக் கோதாரி வானை விற்றுவிட்டு ஒரு கடையைப் போடச் சொன்னேனே கேட்டீங்களா என்று, ஆறு பேருக்கு முன்னால் பொரிந்து தள்ளினேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வான் முன்பைவிட வேகமாக ஓடியது.

பிறகு கீழே டக்கென்று ஒரு சத்தம், இரும்பை இரும்பு பிடித்தது போல. வான் இழுபட்டுப்போய் றோட்டோரத்தில் நின்றது. பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் விலத்திக்கொண்டு ஓடின.

சீருடையோடு சிலர் வந்தார்கள். எந்தப் பக்கத்து ஆட்கள் என்று அன்றைக்கும் எங்களுக்குச் சொல்லவில்லை, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அட்டையைப் பார்த்தார்கள். திரியாய் என்று வாசித்தார்கள். வானில் உன் ஆட்கள் யார் என்று கேட்டார்கள்.

"ஒருத்தருமில்லை. எல்லாம் ஆசுபத்திரிக்குப் போற ஆக்கள். காசுக்கு ஏத்தினது, ஹயர்" என்றார் என் கணவர்.

நான் வாயைத் திறந்தேன். அன்ரி என் தொடையில் நகம் பதியக் கிள்ளினார். அந்த வலியில் வாய் மூடியது. நாலு வருடம் எதற்காக அவருக்குப் பக்கத்தில் இருந்தேனோ, அந்த ஒரு நிமிடத்தில் நான் பக்கத்தில் இல்லை. விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று அவரை ஏற்றினார்கள். எங்களைக் கடைசியாக வந்த பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். அவரை விடவேயில்லை.

நான் ஏறி இறங்காத கந்தோர் இல்லை, காட்டாத படம் இல்லை. அதை எழுத எனக்கு விருப்பமில்லை. வானை மட்டும் ஒரு லொறியில் கட்டி இழுத்து வந்து, ஓர்ஸ் ஹில்லில் இருந்த எங்கள் வீட்டு மதிலோரம் விட்டார்கள். கொஞ்சக் காலம் சண்டை நின்றிருந்த நேரத்தில் அதை விற்போம் என்று ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் சீற்றைத் தூக்கிப் பார்த்தார். திறப்பைச் செருகித் திருகிப் பார்த்தார். பொட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, "ஒயில் லைற்றை ஆரக்கா மூடினது?" என்றார். நான்தான் என்றேன்.

"எஞ்சின் இறுகிப்போச்சு. தண்ணி சொட்டும் இல்லாம ஓடியிருக்கு."

"எப்படி? ஊசி இறங்கினதுதானே. நான் என்ர கண்ணால பார்த்தனான்."

அவர் என்னைப் பார்த்தார். "தண்ணி முழுக்கப் போயிட்டா ஊசி இறங்கும் அக்கா. ஊசிக்குச் சூட்டைச் சொல்றதே அந்தத் தண்ணிதான். ஹீற்றரும் குளிரும், அதுக்குள்ள ஓடுறதும் அதே தண்ணி. அப்படி ஊசி விழுந்தா உடன நிப்பாட்டோணும். இல்லாட்டி எஞ்சின் முடிஞ்சுது."

"அவருக்கு இது தெரியாதோ?"

"என்ன கதை அக்கா? இப்படி எஞ்சினைப் பார்த்த மனுஷனுக்கு ஹீற்றர் குளிர்ந்த உடனேயே விளங்கியிருக்கும். அந்தக் காட்டுக்குள்ள நிக்க ஏலாதுதானே. ஓடுமட்டும் ஓடுவம் எண்டு ஓடியிருப்பார்."

"அதுக்குப் பிறகு எவ்வளவு நேரம் ஓடும்?"

"அஞ்சு நிமிசம். கூடிப்போனாப் பத்து."

எல்லாம் முடிந்தது என்று தெரிந்துதான் எனக்கு நல்லம் என்று சொல்லியிருக்கிறார். தெரிந்துதான், என்னையும் சேர்த்துக் கொண்டுபோகாமல் இருக்க, என் அட்டையைக் கையில் எடுக்கச் சொல்லி, என்னை அவரிடம் இருந்து பிரித்துப் பின்னால் அனுப்பியிருக்கிறார். எங்களுக்கு மிஞ்சி இருந்தது அந்தப் பத்து நிமிடம். அது முழுவதும் நான் பின்சீற்றில் இருந்து அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன்.