யாழினியின் மூக்கும் ஒரு தனி மேசையும்

இரண்டு மாதத்துக்கு முன் மகளின் ரிப்போர்ட் கார்டு வாங்கப் பள்ளிக்குப் போயிருந்தேன். நான் வேலை பார்க்கும் குருபோங் தொழிற்சாலை அலுவலகத்தில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, பெரிய மனுஷி மாதிரி கைப்பையை மாட்டிக்கொண்டு வகுப்பறைக்குள் நுழைந்தால்... மேசைகளெல்லாம் இரண்டிரண்டாக ஒட்டிக் கிடக்கின்றன. ஜன்னலோரம் ஒன்று மட்டும் தனியாக. அதில் என் மகள் பெயர். மேலே ஒரு டிஷ்யூ பெட்டி.

எனக்குக் காது சூடாகிவிட்டது.

யாழினிக்குப் பத்து வயது. மூன்று வருடமாக மூக்கு ஒழுகல். காலையில் எழுந்தால் வரிசையாகத் தும்மல். உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்த்துத் தேய்த்துக் குறுக்கே ஒரு கோடே விழுந்துவிட்டது. வாயைத் திறந்துகொண்டுதான் தூங்குவாள். சளிதானே என்று கிளினிக்குக்குக் கூட்டிப்போவேன். சிரப் தருவார்கள். ஒரு வாரம் அடங்கும், மறுபடி ஆரம்பிக்கும். அவள் அப்பாவுக்குச் சிங்கப்பூரில் வேலை, மாதம் ஒருமுறைதான் வருவார். ஆக, தங்கா பத்து என்ற ஊரில் உள்ள எங்கள் வீட்டில் அவளும் நானும் அந்தத் தும்மலும்தான்.

"என்ன டீச்சர் இது? சளி பிடிச்ச பிள்ளைய இப்படியா ஒதுக்கி வைப்பீங்க?" — கேட்டேவிட்டேன்.

டீச்சர் சின்னப் பெண். முகம் வாடிவிட்டது. "நான் வைக்கல லா, அம்மா. அவளேதான் கேட்டா. மத்தவங்களுக்குத் தொந்தரவா இருக்கும், தனியா உக்காந்துக்கிறேன்னு. ரெண்டு தடவை சேர்த்து உக்கார வச்சேன். மேசையை அவளே தள்ளிட்டுப் போயிட்டா."

காரில் ஏறியதும் கேட்டேன். "ஏன்டா அப்படிச் சொன்ன?"

"நான் தும்முனா எல்லாரும் மூக்கைப் பொத்திக்கிறாங்கம்மா."

கொஞ்ச தூரம் போனபின், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே சொன்னாள்: "நீங்களும்தான் கடையில தள்ளி நிப்பீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. மழை வருது என்பது போல் சொன்னாள்.

தள்ளி நின்றிருக்கிறேன். கோவிட் காலம் முடிந்தும் தும்மல் என்றாலே எல்லோரும் திரும்பிப் பார்த்த நாட்கள் அவை. சூப்பர்மார்க்கெட் வரிசையில் அவள் அடுக்கடுக்காகத் தும்மினாள். முன்னால் நின்ற அம்மாள் முறைத்தார். நான் என்ன செய்தேன்? 'பாவம், பிள்ளைக்குச் சளி' என்றேனா? இல்லை. யார் பெற்ற பிள்ளையோ என்பது போல இரண்டடி நகர்ந்து பிஸ்கட் விலையைப் படித்தேன். அவள் பார்த்திருக்கிறாள். தீபாவளிக்கு வந்த நாத்தனாரின் கைக்குழந்தையிடம் ஓடினவளை, "மூக்கு ஒழுகிக்கிட்டுப் பாப்பா கிட்ட போகாத" என்று எத்தனை பேர் முன்னால் விரட்டினேன்! அதையும் மறந்திருக்க மாட்டாள்.

வகுப்பறையில் மேசையைத் தள்ளியது அவள்தான். தள்ளக் கற்றுக்கொடுத்தது யார்?

அடுத்த வாரமே காது மூக்குத் தொண்டை டாக்டரிடம் போனோம். தமிழ் டாக்டர், நடுத்தர வயதுப் பெண்மணி. சின்னக் குழாய் கேமராவை மூக்கில் விட்டு டிவியில் காட்டினார். மூக்கை இரண்டாகப் பிரிக்கும் நடுத்தண்டு இடப்பக்கம் வளைந்திருந்தது. வலப்பக்கமும் விசாலமாக இல்லை. அலர்ஜியால் சதை வீங்கி அடைத்திருந்தது.

"வளைவு இவளுக்கு ரொம்ப மோசமில்லை. இப்ப ஆபரேஷன் வேணாம், வளரட்டும். அலர்ஜியை அடக்கினாலே பாதி மூச்சு வந்துரும். ஸ்பிரே தினமும் அடிக்கணும், ரெண்டு நாள்ல நிறுத்திட்டு 'மருந்து கேக்கல டாக்டர்'னு வரக்கூடாது."

யாழினி மெதுவாகக் கேட்டாள். "டாக்டர், இது மத்தவங்களுக்கு ஒட்டிக்குமா?"

"ஒட்டவே ஒட்டாது, கண்ணு. இது உன் மூக்குக்கும் தூசிக்கும் உள்ள சண்டை. யாரு பக்கத்துல வேணும்னாலும் உக்காரலாம்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். டாக்டர் சொன்னது என் காதிலும் விழுந்ததா என்று பார்த்த பார்வை அது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "தப்பு அம்மா மேலதான்" என்றேன். டாக்டர் நாகரிகமாகக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதன்பின் கம்பளத்தைச் சுருட்டி வெளியே போட்டேன். வாராவாரம் போர்வையும் தலையணை உறையும் சுடுதண்ணீரில். காலை, மாலை உப்புநீரில் மூக்குக் கழுவல். அவள் அப்பாவுக்கு போன் செய்தால், "இப்ப பரவால்லையா? சரி, ஓவர்டைம் இருக்கு" என்று வைத்துவிடுவார். யாரைக் குறை சொல்ல? உலர்ந்த போர்வையை மடிக்க மறுமுனையைப் பிடிக்க ஆளில்லாத வீடு... பத்து வயதுப் பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

ஆறு வாரத்தில் தும்மல் பாதியாகக் குறைந்தது. வாயை மூடிக்கொண்டு தூங்குகிறாள். இது ஒட்டும் நோயல்ல என்று டீச்சர் வகுப்பிலேயே விளக்கினாராம். ஆனாலும் அந்த மேசை ஜன்னலோரத்திலேயே கிடந்தது. அவள் நகர்த்தவில்லை, நான் வற்புறுத்தவில்லை.

போன திங்கட்கிழமை காரில் ஏறும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"அம்மா, இன்னிக்கு எங்க கிளாஸ் ஷர்வினி நாற்காலிய தூக்கிட்டு வந்து என் பக்கத்துல உக்காந்தா!"

"அப்படியா! நாள் பூராவா?"

"இல்ல லா, ரெஸ்ட் மணி அடிச்சு சாப்பிடப் போற வரைக்கும். அப்புறம் அவ இடத்துக்குப் போயிட்டா."

"நாளைக்கும் வருவாளா?"

"தெரியலம்மா. புக்கெல்லாம் ஒரு பக்கமா அடுக்கிட்டேன். பாதி மேசை காலியாத்தான் இருக்கு."