ஹாலிஸ் பார்க்கின் இரண்டு நாற்காலிகள்

இது நடந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒஹையோவில், ஏரிக்கரை ஊரில், எங்கள் தெருவில், என் வீட்டிலிருந்து மூன்று வீடு தள்ளி நடந்தது. நடந்தது நோரீனுக்கு. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள் அவள். பின்னால் அத்தனை பிள்ளைகள் கத்தினாலும் கண்ணாடியில் ஒரே பார்வை பார்த்து அடக்கிவிடுவாள். கண்டதற்கெல்லாம் பயப்படுகிற ஆள் இல்லை. அவள் என்னிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன். நம்ப மனமில்லாதவர்கள் இங்கேயே எழுந்து போகலாம். பேஸ்பால் ஆட்டம் முடியும் முன்பே, ஏழாவது இன்னிங்ஸிலேயே காரை எடுக்க ஓடுகிறவர்கள் எங்கள் ஊரிலும் உண்டு.

அப்போது அவள் அப்பா எம்மெட் அவளுடன்தான் இருந்தார். இதயம் களைத்துப் போய்விட்டது, ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். வீட்டுக்குக் கூட்டிவந்த மறுநாளிலிருந்து மனிதர் சாப்பாட்டைத் தொடவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நோரீனுக்கு ஒரே கவலைதான். தம்பி டெரி வரும்வரை அப்பா உயிரோடு இருக்க வேண்டும். டெரி அரிசோனாவில் இருந்தான். அம்மாவை அடக்கம் செய்தபோது அவன் வரவில்லை. ஏதோ வேலை, ஏதோ சாக்கு. இனி என் வாசலை மிதிக்காதே என்று அப்பா போனில் சொன்னார். இவனும் அப்பனுக்குத் தப்பாத பிள்ளை, நிஜமாகவே மிதிக்கவில்லை. வருடங்கள் ஓடிவிட்டன. நோரீன் தினமும் போன் செய்து கெஞ்சினாள். பார்க்கிறேன், பார்க்கிறேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தான்.

அந்த நேரத்தில்தான் ஹாலிஸ் பார்க்கை இடிக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தது.

ஹாலிஸ் பார்க் எங்கள் ஊர் பேஸ்பால் மைதானம். எங்கள் அணி ஜெயித்ததைவிடத் தோற்றதே அதிகம். ஆனாலும் அந்த இடம் போல வராது. எம்மெட் வருடா வருடம் பணம் கட்டி அதே இரண்டு நாற்காலிகளை எடுத்து வைத்திருந்தார். ஒன்று அவருக்கு. மற்றது ஒரு சனிக்கிழமை நோரீனுக்கு, அடுத்த சனிக்கிழமை டெரிக்கு. முறை மாறினால் வீட்டில் ரகளைதான். மைதானத்துக்குள் போகிற இருட்டான சரிவுப் பாதையில் நோரீன் அப்பா கையைப் பிடித்து ஏறிக்கொண்டே போவாள். திடீரென்று பாதை முடிந்து புல்வெளி பச்சையாகக் கண்ணில் விழும். ஒவ்வொரு தடவையும் மூச்சு நின்று போகும் என்பாள் நோரீன். இப்போதும் அதைச் சொல்லும்போது நெஞ்சில் கை வைத்துக்கொள்கிறாள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. கடலைக்காரன் படியில் நின்றுகொண்டே பொட்டலத்தை நீட்டுவான். வரிசையில் இருக்கிற ஒவ்வொருவரும் வாங்கி வாங்கிப் பக்கத்து ஆளிடம் கொடுக்க வேண்டும். யார் எவர் என்று பார்ப்பதில்லை. உள்ளே போகிறவர் வந்தால் முழங்காலை ஒதுக்கி வழி விட வேண்டும். எழுந்து போகிறவர், "சீட்டைப் பாத்துக்கங்க" என்று சொன்னால், திரும்பி வரும்வரை அந்த நாற்காலியை யாருக்கும் விடக் கூடாது. அது பக்கத்து ஆளின் பொறுப்பு.

எம்மெட்டுக்கு இடது பக்கத்து ஆள் ஆஸ்குட். பேச்சே கிடையாது. எப்போதும் தொப்பி. மூட்டு வலித் தைல வாடை. விரலில் தடித்த மோதிரம். ஒவ்வொரு பந்து எறியும் முன்பும் மோதிரத்தால் கைப்பிடியில் தட்டுவார். டக்... டக்... அப்பா ஹாட் டாக் வாங்கப் போனால், ஆஸ்குட் அப்பாவின் நாற்காலிக்கு மாறி உட்கார்ந்துகொள்வார். அப்பா வரும்வரை நகர மாட்டார். சிறுமி நோரீன் அந்த நேரம் தன் நாற்காலியின் மறு ஓரத்துக்கு நகர்ந்துகொள்வாள். அவர் கெட்டவர் இல்லை. ஆனாலும் நகர்ந்துகொள்வாள்.

நோரீன் வளர்ந்து பெரியவளான பிறகு, ஒரு பனிக்காலத்தில் ஆஸ்குட் செத்துப் போனார்.

இடிப்பதற்கு முன் நாற்காலிகளை விற்றார்கள். வேண்டியவர்கள் ஸ்பானரோடு வந்து தாங்களே கழற்றிக்கொள்ளலாம். அப்பாவின் இரண்டு நாற்காலிகளையும் கொண்டுவந்து போட்டால் மனிதர் எழுந்து உட்காருவார், டெரி வரும்வரை தாங்குவார் என்று நோரீன் கணக்குப் போட்டாள். கடைசி நாள். மழை. நேரமாச்சு, வெளியேறுங்கள் என்று ஆட்கள் விரட்டுகிறார்கள். எண் தகடுகளின் மேலெல்லாம் பச்சைப் பெயின்ட். அப்பா தன் கைப்பிடிக்கு அடியில் பேனாக்கத்தியால் கீறிவைத்த எழுத்தைத் தடவியே கண்டுபிடித்தாள். பிள்ளைகளின் நாற்காலி அதற்கு வலது பக்கம். முன்னால் மண்டியிட்டு, வலது பக்கத்து நாற்காலியையும் கழற்றி, வேனில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

முன்வாசல் அறையில், ஜன்னலைப் பார்த்தபடி, பலகையில் இரண்டையும் பொருத்தினாள். அப்பாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து உட்கார வைத்தாள். அவர் முகம் மலர்ந்தது. பக்கத்து நாற்காலியின் கைப்பிடியை மெல்லத் தடவினார். அதில் ஓர் இடம் மட்டும் குழிந்திருந்தது.

"இது ஆஸ்குட் சீட்டாச்சேம்மா. உங்க சீட்டு எங்க?"

நோரீனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. உட்கார்ந்தவர்களுக்குத்தான் பிள்ளைகளின் நாற்காலி வலது பக்கம். எதிரே மண்டியிட்டிருந்த அவளுக்கு அது இடது பக்கம். மழையிலும் அவசரத்திலும் புத்தி புல் மேயப் போயிருந்தது. மறுநாள் ஓடினாள். மைதானத்தில் உடைந்த பலகைக் குவியல்தான் கிடந்தது. தானும் தம்பியும் உட்கார்ந்த நாற்காலி அதற்குள் எங்கோ கிடந்தது. வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதேன் என்றாள்.

ஆனால் எம்மெட் கவலைப்படவில்லை. அன்றைக்கே சூப் குடித்தார். அடுத்த நாள் ரொட்டி. வாரக் கடைசியில், வறுத்த கடலை வேண்டும் என்று கேட்டு வாங்கித் தின்றார். ஜன்னலுக்கு வெளியே தெருவைப் பார்த்துச் சிரித்தார். தினமும் சாயங்காலம் வந்து பார்க்கிற நர்ஸ் மரியன் நாடி பிடித்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினாள். நோரீன் டெரிக்குப் போன் போட்டு, அப்பா தேறி வருகிறார், இப்போது வந்தால் பேசலாம் என்றாள். சனிக்கிழமை வருகிறேன் என்று முதல் தடவையாகச் சொன்னான்.

அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட ஆரம்பித்தது.

முதலில் முழங்கால். மத்தியானம் சும்மா உட்கார்ந்திருந்த அப்பா, திடீரென்று இரண்டு முழங்கால்களையும் ஒதுக்கினார். ஒரு ஆள் முன்னால் கடந்து போகிற அளவு நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு பழையபடி நேராக்கிக்கொண்டார்.

வயசாயிற்று, ஏதோ ஞாபகம் என்று நோரீன் விட்டுவிட்டாள்.

அடுத்து நாற்காலி. அவை மடக்கு நாற்காலிகள். ஆள் எழுந்தால் பலகை மேலே போய் மடங்கிக்கொள்ளும். ஆஸ்குட்டின் பலகை காலையில் மடங்கி இருக்கும். மத்தியானத்துக்கு மேல் பார்த்தால்... கீழே இறங்கியிருக்கும். யாரும் தொடாமல்.

அப்புறம் வாடை. மூட்டு வலித் தைலம். அந்த வீட்டில் யாரும் தைலம் தேய்ப்பதில்லை.

வியாழக்கிழமை நோரீன் சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள்.

டக்... டக்...

துணியைக் கீழே போட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள். அப்பா இரண்டு கைகளையும் போர்வைக்குள் வைத்திருந்தார். விரல் வீங்கியதால் அவர் மோதிரத்தை எப்போதோ கழற்றியாகிவிட்டது.

டக்...

"யாருப்பா அது?"

"ஆஸ்குட்தான். வேற யாரு?"

"அவர் செத்துப் போயிட்டாருப்பா."

"தெரியும்மா. நானும்தான அடக்கத்துக்குப் போனேன்."

இதைச் சொல்லிவிட்டு மடியிலிருந்த கடலைப் பொட்டலத்தை எடுத்து, பார்வையைத் திருப்பாமலே பக்கத்தில் நீட்டினார். கையை விட்டார்.

பொட்டலம் கீழே விழவில்லை.

நோரீன் பார்த்துக்கொண்டே நின்றாள். கொஞ்ச நேரம் அது அப்படியே இருந்தது. பிறகு அப்பா அதைத் திரும்ப வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

அன்று இரவு அந்தப் பாழாய்ப்போன நாற்காலியைக் கோடாரியால் பிளந்து அடுப்பில் போட்டுவிட வேண்டும் என்று கொதித்தாள். கோடாரியையும் எடுத்தாள். ஆனால் அப்பா சாப்பிடுகிறார். சிரிக்கிறார். சனிக்கிழமைக்கு இன்னும் ஒரே நாள்தான். கோடாரியைத் திரும்ப ஷெட்டிலேயே வைத்துவிட்டு வந்தாள். எது வேண்டுமானாலும் உட்கார்ந்துவிட்டுப் போகட்டும், டெரி வரும்வரை அப்பா இருந்தால் போதும்.

சனிக்கிழமை காலை. டெரியின் விமானம் மத்தியானம் வந்து சேர வேண்டும். ஏர்போர்ட் ஒரு மணி நேர ஓட்டம். அப்பாவுக்கு முகம் கழுவிவிட்டு, நாற்காலியில் உட்கார வைத்துப் போர்த்தினாள். அவர் உதடு கொஞ்சம் நீலமாக இருந்ததுபோலப் பட்டது. மனசு கேட்கவில்லை. மண்டியிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டெரியைக் கூட்டிட்டு வந்துடறேன்பா. அதுவரைக்கும் இருங்க. எனக்காக."

எம்மெட் அவளை நன்றாகப் பார்த்தார்.

"நீ போயிட்டு வாம்மா. நான் எழுந்திருச்சாலும் சீட்டைப் பாத்துக்க ஆள் இருக்கு."

பக்கத்துப் பலகை அப்போதே இறங்கியிருந்தது.

ஏரிமேல் புயல். விமானம் தாமதம். பிறகு இன்னும் தாமதம். நோரீன் ஏர்போர்ட்டில் உட்காரவும் முடியாமல், நிற்கவும் முடியாமல் தவித்தாள். வீட்டுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் எழுந்து போய் எடுக்க மாட்டார், தெரியும். ஆனாலும் போட்டுக்கொண்டே இருந்தாள்.

டெரி வெளியே வந்தபோது தலையெல்லாம் நரைத்திருந்தது. கட்டிப்பிடிக்கக்கூட நேரமில்லை. காரில் ஏறினார்கள்.

"என்னைப் பாத்தா கத்துவாரா அக்கா?"

"கத்தினா கேட்டுக்கோ."

வீடு வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. டெரி முதலில் இறங்கி உள்ளே போனான். நோரீன் வேண்டுமென்றே வாசலிலேயே நின்றாள். அப்பனும் மகனும் தனியாகப் பேசட்டும்.

வலைக் கதவு வழியாகப் பார்த்தாள். உள்ளே விளக்கு இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில் அப்பாவின் தலை தெரிந்தது. டெரி தயங்கித் தயங்கி ஆஸ்குட்டின் நாற்காலியில் உட்கார்ந்தான்.

நோரீன் வேண்டாம் என்று கத்த வாயைத் திறந்தாள்.

அதற்குள் பேச்சுக் குரல் கேட்டது.

தாழ்ந்த குரல். என்ன பேசுகிறது என்று புரியவில்லை. டெரி தலையை ஆட்டினான். பிறகு அவன் தோள்கள் குலுங்கின.

நோரீனுக்குக் கண்ணீர் பொங்கியது. தாங்கிவிட்டார். அப்பா தாங்கிவிட்டார்.

டக்...

அவள் வலைக் கதவில் காதை வைத்தாள்.

டக்... டக்...

ஆஸ்குட்டின் நாற்காலியில் டெரி இருக்கிறான்.

சத்தம் அங்கிருந்து வரவில்லை.

அப்பாவின் கைப்பிடியிலிருந்து வந்தது.

வெகுநேரம் கழித்து டெரி முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான். சின்னப் பையனாக இருந்தபோது அவனுக்கு இருந்த அதே முகம். அப்பா தூங்கிட்டாரு என்றான். மனைவிக்குப் போன் செய்யப் புல்தரைப் பக்கம் போனான்.

நோரீன் உள்ளே போய் விளக்கைப் போட்டாள். அப்பாவின் தோளைத் தொட்டாள்.

அந்த நேரத்துக்குச் சரியாக, வழக்கம்போல மரியன் வந்து சேர்ந்தாள். போர்வையை விலக்கினாள். கையைத் தூக்கப் பார்த்தாள். கை மடங்கவில்லை. தாடையைத் தொட்டாள். கால்களைத் தொட்டாள். நோரீனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"எப்போ கிளம்பினீங்க?"

"காலைல."

"அப்போ நீங்க கிளம்பின கொஞ்ச நேரத்துலயே போயிட்டாரு. மத்தியானத்துக்கு முன்னாடியே."

இருக்க முடியாது என்றாள் நோரீன். மறுபடி பாருங்கள் என்றாள். மரியன் இருபது வருடமாக இந்த வேலையில் இருப்பவள். மறுபடியும் பார்த்தாள். உடம்பு இப்படி விறைக்க மணிக்கணக்கில் ஆகும், இதில் சந்தேகமே இல்லை என்றாள்.

ஜன்னலுக்கு வெளியே டெரி போனில் பேசிக்கொண்டிருந்தான். அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் பேசினான். நோரீன் மரியனின் கையைப் பிடித்து, அவனிடம் நேரத்தை மட்டும் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டாள்.

அடக்கம் முடிந்து, வந்தவர்கள் எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு, அக்காவும் தம்பியும் சமையலறையில் தனியாக இருந்தார்கள். டெரி காபிக் கோப்பையைச் சுற்றிச் சுற்றி வைத்துக்கொண்டிருந்தான்.

"கடைசியில அவருக்குப் புத்தி கொஞ்சம் தடுமாறிடுச்சுக்கா. கையைப் பிடிச்சேன், ஐஸ் மாதிரி இருந்துச்சு. 'தம்பி, உங்க அப்பாவுக்கு உன்மேல கோபம் இல்ல'ன்னாரு. உங்க அப்பாவுக்குன்னு என்கிட்டயே சொல்றாரு, பாவம்."

நோரீன் குழாயைத் திறந்து கையைக் கழுவினாள். கழுவிய கையையே திரும்பக் கழுவினாள். அப்பா போகும்போது ஆஸ்குட்டிடம் சொல்லிவிட்டுப் போன வார்த்தையா அது? இல்லை, தாமதமாக வந்து உட்கார்ந்து அழுகிற பிள்ளையைப் பார்த்து அந்த மனிதர் தானாகச் சொன்னதா? இன்றுவரை அவளுக்குத் தெரியாது. தூக்கம் வராத இரவுகளில் அவள் யோசிப்பது இதைத்தான்.

"அப்பாதானேக்கா பேசினாரு?" என்றான் டெரி. சிரித்துக்கொண்டேதான் கேட்டான். ஆனால் பதிலுக்காக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பாதான்டா" என்றாள் நோரீன்.