தேவகியின் இடப்பக்கம்

செய்தி வந்தபோது நான் பிரிக்பீல்ட்ஸில், நாம் வழக்கமாகத் தையல் நூல் வாங்கும் கடையில் நின்றிருந்தேன். மழை இன்னும் இறங்கவில்லை. ஆனால் வானம் இருண்டுபோய், காலையிலேயே கடைக்காரர் விளக்கைப் போட்டுவிட்டிருந்தார். கைப்பேசியில் குணா அண்ணனின் பெயர் தெரிந்தது. உடனே எடுக்கவில்லை. எடுத்தால் எதைக் கேட்கப்போகிறேன் என்று தெரியும்.

"சுமதி, தேவகி போயிட்டாம்மா," என்றார் அவள் கணவர். "காலையில கஞ்சி குடுத்தேன். கொஞ்சம் குடிச்சா. அப்புறம் கண்ணத் தொறக்கவே இல்ல."

கடைக்காரர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மண்டபத்தின் பின்னறையில் நம்முடன் உட்கார்ந்து பூத்தையல் போட்ட தேவகியை உங்கள் எல்லாருக்கும் தெரியும். பெட்டாலிங் ஜெயாவில் நானும் அவளும் ஒரே அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து மேசையில் வேலை பார்த்தவர்கள் என்பதால், எனக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். அவ்வளவுதான்.

கிள்ளானில் அவள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பண்டல் கடை இருக்கிறது. யார் யாரோ உடுத்திக் கழித்த துணிகள் மூட்டை மூட்டையாக அங்கே வந்து இறங்கும். வாசனையைப் பொருட்படுத்தாமல் தேவகி அதற்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவுவாள். நாம் எல்லாரும் கறை இல்லாத துணியைத் தேடுவோம், அவள் கறையைத் தேடுவாள். "கறை இருந்தா நல்லதுலா. பூவ எங்க போடணும்னு யோசிக்க வேணாம்," என்பாள். என் மகள் கல்லூரிக்குப் போட்டுப்போன வெள்ளைச் சட்டையில் ஒரு சிவப்புத் தும்பி உட்கார்ந்திருந்ததே, நினைவிருக்கிறதா? அதன் அடியில் இருந்தது துருக்கறை.

சாப்பாடும் அப்படித்தான். பழைய பொருள் சந்தையில் எடுத்த ஓர் அடுக்குப் பாத்திரத்தில் புளிச்சோறு, நெத்திலி சம்பல், வதக்கிய கங்கோங் கீரை எல்லாம் கொண்டுவருவாள். பாத்திரத்துக்கும் மூடிக்கும் சம்பந்தமே இருக்காது. "வேற வேற வீட்டுல பொறந்தது. எங்கிட்ட வந்துதான் கல்யாணம் ஆச்சு," என்று சொல்லி, மூடியை ஒரு தட்டுத் தட்டித் திறப்பாள். அறை முழுவதும் வறுத்த நெத்திலி மணக்கும்.

முதலில் கவனித்தவள் பிரேமா. தேவகி ஒரு தலையணை உறைக்குச் செம்பருத்தி போட்டு முடித்துவிட்டு, நூலைப் பல்லால் கடித்து, துணியை நம்மிடம் நீட்டினாள். வலப்பக்கத்து இதழ்கள் வழக்கம்போல அடர்த்தியாக, ஓரம் பிசகாமல் இருந்தன. இடப்பக்கத்தில் பென்சிலால் வரைந்த கோடு மட்டும் அப்படியே இருந்தது.

"இந்தப் பக்கத்த ஏன்க்கா விட்டுட்டீங்க?" என்று கேட்டாள் பிரேமா.

"எந்தப் பக்கம்?"

"இந்தா, இந்தப் பக்கம்."

தேவகி துணியைப் பார்த்தாள், பிறகு பிரேமாவைப் பார்த்தாள். தன்னை யாரோ கேலி செய்கிறார்கள் என்று நினைப்பவரின் முகம் அது. "முழுசாத்தானே போட்டிருக்கேன்," என்றாள். பிரேமா துணியை மெல்ல வலது பக்கமாக நகர்த்திக் காட்டினாள். அப்போதுதான் தேவகி அந்த வெற்றுக் கோட்டைக் கண்டாள். துணியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

வயதாகிறது, கண்ணாடி மாற்ற வேண்டும் என்று நாம் பேசிக்கொண்டோம். அவளும் மாற்றினாள். அதற்குப் பிறகு ஒருநாள் மதியம் அலுவலகத்தில், எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் என்னிடம், "எனக்குச் சம்பல் வைக்கலையா?" என்று கேட்டாள். சம்பல் அவள் தட்டிலேயே இருந்தது, இடப்பக்கத்தில். அதன் அருகே கீரையும் பாதிச் சோறும் தொடப்படாமல் இருந்தன. வலப்பக்கத்தை மட்டும் வழித்துச் சாப்பிட்டிருந்தாள். நான் தட்டைத் திருப்பி வைத்தேன். "அலமாக், எப்ப வச்ச?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையில் இருந்த கவளத்தைத் திரும்பத் தட்டிலேயே போட்டுவிட்டேன்.

அன்று மாலை அவள் காரிலேயே நானும் கிள்ளானுக்குக் கிளம்பினேன். கார் நிறுத்தத்தில் அதைச் சுற்றிவந்தபோது, இடப்பக்கம் முழுக்கக் கீறலாக இருந்ததைப் பார்த்தேன். அந்தப் பக்கத்துப் பின்பார்வைக் கண்ணாடி உடைந்து ஒரு கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. "யாரோ இடிச்சிட்டுப் போயிட்டான்," என்றாள். நெடுஞ்சாலையில் அவள் இதமாகப் பேசிக்கொண்டே ஓட்டினாள். காப்பார் பக்கம் நண்டு மலிவு, அடுத்த வாரம் நண்டு ரசம் வைக்கிறேன் என்றாள். பேசப் பேச, கார் கொஞ்சம் கொஞ்சமாக இடப்பக்கம் ஒதுங்கிக்கொண்டே போனது. என் பக்கத்துச் சன்னலுக்கு வெளியே ஒரு மோட்டார் சைக்கிள். பின்னால் ஒரு பெண், அவள் மடியில் ஒரு குழந்தை. ஓட்டியவர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார்.

"தேவகி! இந்தப் பக்கம் ஆளு!"

"எங்க? யாருமே இல்லயே."

நான் ஸ்டீரிங்கைப் பிடித்து வலப்பக்கம் இழுத்தேன். மோட்டார் சைக்கிள் தடுமாறி, சாலையோரப் புல்லில் இறங்கி நின்றது. மூவரும் விழவில்லை. தேவகி காரை ஓரம் கட்டிவிட்டு, கழுத்தை முழுவதும் திருப்பிப் பின்னால் பார்த்தாள். அந்தப் பெண் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு புல்லில் நின்றிருந்தாள். தேவகி சாவியை உருவி என் மடியில் வைத்தாள். "இனிமே நான் காடி எடுக்க மாட்டேன். எனக்கு என்னமோ ஆகுது, சுமதி," என்றாள்.

மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்தார்கள். தலைக்குள் வலப்பக்கம் கட்டி. கண்ணில் பழுதில்லை, இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே தேவகியின் மனத்துக்கு எட்டவில்லை என்று மருத்துவர் விளக்கினார். குணா அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். தேவகி மட்டும் கேட்டாள்: "அப்ப பாதி போனது எனக்கே தெரியாமப் போயிருக்கு. மீதி போனாலும் தெரியாதா, டாக்டர்?"

கட்டியில் எடுக்க முடிந்ததை எடுத்தார்கள். மறுபடி வளரும் என்பதையும் மறைக்காமல் சொன்னார்கள். வீட்டுக்கு வந்த தேவகி, தலையில் துணியைக் கட்டிக்கொண்டு மறுபடியும் ஊசியை எடுத்தாள். இப்போது துணி இறுக்கிய வளையத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே தைத்தாள். தட்டையும் அப்படியே திருப்பித் திருப்பிச் சாப்பிட்டாள். "காணலன்னா இல்லன்னு ஆயிடுமா? திருப்பிப் பாத்தா இருக்கு," என்பாள். குணா அண்ணன் அவள் சொல்லச் சொல்லச் சமைக்கக் கற்றுக்கொண்டார். உப்பு போதாது என்று அவரைப் பாடாய்ப் படுத்தினாள். நண்டு ரசமும் வைத்தார்கள்.

ஆனால் அவளுக்குப் பயம் வந்திருந்தது. ஒரு மதியம் அடுப்படியில் என் காதோரம் சொன்னாள்: "அந்தப் பக்கம் யாரோ நிக்கிற மாதிரியே இருக்கு, சுமதி. திரும்பினா ஆளில்ல. ஆனா நிக்கிறாங்க." அவள் இடப்பக்கம் மூடிய பின்கதவு மட்டுமே இருந்தது. குணா அண்ணனுக்குத் தெரிய வேண்டாம் என்றாள். பிறகு, "நீ வந்தா அந்தப் பக்கமே நில்லு. நீதான்னு நெனச்சிக்கிறேன்," என்றாள். அன்றிலிருந்து வீட்டில், கோயிலில், மருத்துவமனை நடைபாதையில், எங்கே போனாலும் நான் அவளுக்கு இடப்பக்கமே நின்றேன்.

கடைசியாக அவளை அழைத்துக்கொண்டு பழைய பொருள் சந்தைக்குப் போனோம். நடை தளர்ந்திருந்தது. இடக்கை தன்னுடையது என்பதே பல நேரம் அவளுக்கு மறந்துபோகும். சட்டையின் ஒரு கையை மாட்டாமலே எழுந்துவிடுவாள். சந்தையில் ஒரு மேசைத்துணியை எடுத்தாள். பன்னிரண்டு பேர் உட்காரும் மேசைக்கானது. முழுக்கப் பூ போட ஓர் ஆண்டு போதாது. குணா அண்ணன் என்னைப் பார்த்தார். நான் வேறெங்கோ பார்த்தேன்.

"இவ்வளவு பெருசு எதுக்குமா?" என்றார் அவர்.

"சின்னத் துணின்னா சீக்கிரம் முடிஞ்சிடும்," என்றாள் தேவகி.

அந்தத் துணியில் ஒரு கொடியும் சில இலைகளும் மட்டுமே வந்தன. இறுதிச் சடங்கன்று அதைத்தான் அவள் மேல் போர்த்தியிருந்தார்கள். நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது அவளோடே போய்விட்டது.

தேவகியின் பொருள் என்று என்னிடம் ஒன்றும் இல்லை. சந்தையிலிருந்து காருக்கு நடந்து வந்தபோது, இடப்பக்கம் நின்ற என் கையை அவள் இடக்கை பற்றிக்கொண்டது. அவள் முன்னால் நடந்த குணா அண்ணனிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். என் கையைப் பிடித்திருப்பது அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் கார்க் கதவருகே நான் கையை எடுக்கப் பார்த்தபோது, விரல்கள் இன்னும் இறுகின. அந்தப் பிடியைத்தான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.