நாற்பது நிமிட ஆகாயம்

என் கணவருக்குக் கடல் தாண்டிச் சரவாக்கின் உள்காட்டில் வேலை. மலைக் கிராமத்து கிளினிக்குகளில் ஜெனரேட்டர் பழுது பார்ப்பார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் பாடாங் செராயில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வருவார்.

அங்கே ஒரு சின்ன விமான நிலையத்திலிருந்து இன்னொன்றுக்குப் பறக்க நாற்பது நிமிடம். அதே தூரத்தை மரலாரி ஓடும் மண்பாதையில் கடக்க இரண்டு நாளாகும். விமானத்தில் ஏறும்போது "ஏறிட்டேன்" என்று செய்தி அனுப்புவார். இறங்கியதும் "இறங்கிட்டேன்". நடுவில் போன் எடுக்காது. அந்த நேரம் முழுக்க நான் அடுப்படியில்தான் இருப்பேன். கை சும்மா இருந்தால் மனசு எங்கெங்கோ போகும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, எனக்குத் தொழிற்சாலை லீவு. மதியம் "ஏறிட்டேன்" வந்தது. குக்கரை அடுப்பில் வைத்துவிட்டு மீன் கழுவிக்கொண்டிருந்தேன். பின்வாசல் பக்கம் அவர் குரல் கேட்டது.

"தண்ணி குடும்மா."

வீட்டுக்கு வந்தால் எப்படிக் கேட்பாரோ அதே மாதிரி. நானும் யோசிக்காமல் தண்ணீரை மொண்டுவிட்டேன். திரும்பினால் வாசலில் யாருமில்லை. அதற்கு அப்பால் செம்பனைத் தோட்டத்து மர வரிசை மட்டும்.

முன்னறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்த மாமனார் சத்தத்தைக் குறைத்தார். "ஏம்மா, பையன் வந்துட்டானா? சொல்லவே இல்லியே?"

தண்ணீரைக் கீழே வைத்தேன். வெளியே ஓடினேன். பக்கத்து வீட்டு அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, இந்தப் பக்கம் யாராச்சும் வந்தாங்களா?"

"உன் வீட்டுக்காரருதான் லா. இப்பதான் செம்பனைக்குள்ள நடந்து போனாரு. கூப்பிட்டேன், திரும்பிக்கூடப் பாக்கல. சண்டையா?"

நாற்பது நிமிடம் கடந்தது. ஒரு மணி நேரமானது. செய்தி வரவில்லை. போன் போட்டுப் போட்டு விரல் மரத்துப் போனது. மாமனார் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் என் கணவர் அழைத்தார். மேகம் மூடி ஓடுதளமே தெரியவில்லையாம். விமானம் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு வேறொரு ஊரில் போய் இறங்கியதாம். அங்கே அதுவரை போனுக்கு லைன் கிடைக்கவில்லையாம்.

"பயந்துட்டீங்களா?" என்றேன்.

"பயம்னு சொல்ல முடியாது. தொண்டை அப்படியே வறண்டு போச்சு. கண்ண மூடிட்டேன். நம்ம வீட்டு குக்கர் விசில் கேட்டுச்சு, நெசமாத்தான். நீ அங்கன நிக்கிற மாதிரியே இருந்துச்சும்மா."

சாப்பிட்டீங்களா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தேன். அடுத்த முறை என் கணவர் வீட்டுக்கு வந்தபோது, இங்கே நடந்த எல்லாவற்றையும் மாமனாரே சொன்னார். கேட்டு அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்குப் போய், அன்று பார்த்தது என்ன நிறச் சட்டை என்று அக்காவிடம் கேட்டுவிட்டு வந்தார். அக்கா சொன்ன நிறத்தை எங்களிடம் சொல்லவில்லை; "அன்னிக்கு அதத்தான் போட்டிருந்தேன்" என்றார். ரொம்ப நேரம் கையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

இப்போது அவர் மரலாரியில்தான் போகிறார். இரண்டு நாள் குலுங்கி முதுகு போய்விட்டது என்று, போய்ச் சேர்ந்ததும் போனில் புலம்புவார். புலம்பட்டும் என்று கேட்டுக்கொண்டிருப்பேன்.