மூலையில் சிமிட்டும் படம்

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிகிற நேரத்தில் கம்ப்யூட்டர் திரையின் வலது கீழ்மூலையை முக்காட்டு நுனியால் துடைப்பது அஜ்மத் பேகத்தின் பல வருடப் பழக்கம். அங்கே இன்டர்நெட் இணைப்பைக் காட்டும் இரண்டு குட்டித் திரைகளின் படம் நீலமாகச் சிமிட்டினால், ஷார்ஜாவிலிருந்து மகன் தல்ஹா பேச வருகிறான் என்று அர்த்தம். அப்படித்தான் அவள் நம்பியிருந்தாள். ஒரு மழைக்காலத்தில் அவள் எதையோ அழுத்திவிட, அந்தப் படம் மறைந்துபோனது. மகனும் பேச வரவில்லை.

"லைன் செத்துப்போச்சு தம்பி. புள்ள அங்க தவிச்சிக்கினு இருப்பான்," என்று செங்கம் ரோட்டு ரிப்பேர்காரர் இளவரசனை அழைத்துவந்தாள்.

அவர் செட்டிங்ஸைத் திறந்து ஒரு சின்னக் கட்டத்துக்குள் டிக் போட்டார். படம் திரும்பவும் சிமிட்டியது.

"லைனுக்கு ஒண்ணும் இல்லம்மா. படம் மட்டும்தான் மறைஞ்சிருந்துச்சு."

"அப்போ இத்தனை வாரமும் அவன் பேசியிருக்கலாமா?"

"தாராளமா," என்றவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "புள்ளைக்கு அங்க வேலை ஜாஸ்தியா இருக்கும்மா," என்றார்.

படம் இன்றும் சிமிட்டுகிறது. தல்ஹா பேசவில்லை.