சிவப்புப் பொட்டு வைத்த வேகன்

அடுகோடியில் குடியிருக்கும் மதலைமுத்துவுக்கு அன்னாவைக் கட்டிக்கொடுத்தது அவள் அண்ணன் கிளெமென்ட். தகப்பன் இல்லாத வீட்டுக்கு அவர்தான் எல்லாம். அப்பேர்ப்பட்டவரை விட்டுவிட்டு, மகளின் ஞானஸ்நானத்துக்குத் தன் பெரியப்பா மகனை ஞானத்தகப்பனாக நிறுத்திவிட்டான் மதலைமுத்து. அன்றோடு கிளெமென்ட் இந்த வாசலை மிதிக்கவில்லை. அந்த மகளுக்கே இப்போது கல்யாண வயது.

அவரைத் திரும்ப வரவழைத்தது மாடல் ரயில். கூட்ஸ் ரயிலில் கார்டாக இருந்து ஓய்வுபெற்ற அவருக்கும், ஸ்டிக்கர் கடை வைத்திருக்கும் இவனுக்கும் அந்தப் பைத்தியம் உண்டு. மாடியறையில் இவன் தண்டவாளம் போட்டிருப்பதைக் கேள்விப்பட்டு, ஞாயிறு பூசை முடிந்த கையோடு ஒரு வேகனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். இவனிடமும் அதே வேகன், அதே நம்பர். கம்பெனியில் எல்லாவற்றிலும் ஒரே நம்பரைத்தான் அடித்து அனுப்புகிறார்கள்.

"ஒரே நம்பர்ல ரெண்டு வண்டி ஓடினா நான் கொடி காட்டமாட்டேன், மதலைமுத்து." மாப்பிள்ளை என்று முறை சொல்லவில்லை, பெயரைத்தான் சொன்னார்.

"உங்களுது அப்படியே இருக்கட்டும் மச்சான். என்னுத மாத்திடறேன். நீங்க போய் சாப்பிடுங்க."

அவர் கீழே இறங்கியதும், பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு நம்பரைத் துடைத்தான். பாதி போனபின் வேகனைத் திருப்பினால், அடியில் நெயில் பாலிஷில் ஒரு சிவப்புப் பொட்டு. கிளெமென்டின் செத்துப்போன மனைவி ரோஸி வைத்த பொட்டு. மாடல் ரயில் கிளப்பில் மற்றவர்களுடையதோடு மாறிவிடக் கூடாதென்று அவர் வண்டி ஒவ்வொன்றிலும் வைப்பாள்.

மோர் டம்ளரோடு வந்த அன்னா பார்த்தாள்.

"உன்னுதுல ஒரு பொட்டு வெச்சு அண்ணன்கிட்ட குடுத்துடு. எங்கிட்ட இதே சிவப்பு இருக்கு. யாருக்குத் தெரியப்போவுது?"

பாட்டிலும் வந்தது. திறந்தான். படியில் செருப்புச் சத்தம் கேட்டது. பிரஷ் நுனியில் துளி திரண்டு நின்றது. ரோஸி வைத்த இடத்தில் தான் ஒன்று வைப்பதா? மூடிவிட்டான்.

"மச்சான், கை மாறிப்போச்சு. உங்களுதத்தான் அழிச்சிட்டேன்."

கிளெமென்ட் வேகனை எடுத்தார். பாதி நம்பரைப் பார்த்தார், பொட்டைப் பார்த்தார், மேஜைமேல் இருந்த பாட்டிலையும் பார்த்தார்.

"இது எதுக்கு?"

"வைக்கலாம்னு பாத்தேன். வைக்கல."

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"பாதி நம்பரோட வண்டி போகாது. மிச்சத்தையும் துடை."

துடைத்தான். புது நம்பர் அச்சிட்ட தாள்துண்டைத் தண்ணீரில் ஊறவைத்தான். காகிதத்திலிருந்து நம்பர் மட்டும் ஈசல் இறகு மாதிரி நழுவி வேகனில் இறங்கியது. கடைசி எண் சுருண்டது. மதலைமுத்து ஊசி நுனியால் அதை விரிக்கப் போனான்.

கிளெமென்ட் குனிந்து, அவன் மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்தார்.

"மூச்சு விடாத, மாப்பிள்ளை. மெதுவா."

அன்னா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.